ஓரத்தில் வைத்த லைட்

என் அண்ணன் எடுத்த ஃபோட்டோக்களில் நான் பெரிய அழகி. கடலூர் திருப்பாப்புலியூரில் அவனுடைய ஸ்டுடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் என் படம் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று ஒரு முகம். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படத்தில் இருப்பவளும் நானும் ஒருத்திதான் என்று யாருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றியதில்லை.

சின்ன வயதில் எனக்குப் பெரியம்மை போட்டிருந்தது. பிழைத்ததே மாதா கொடுத்த வரம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த நோய் உயிரை விட்டுவிட்டு முகத்தில் வேலையைக் காட்டிவிட்டுப் போயிற்று. நெற்றி, கன்னம், மூக்கு நுனி என்று ஓர் இடம் பாக்கியில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவிலேயே என்னைப் போல நாலைந்து பேர் உண்டு. அதனால் பள்ளிக்கூடத்தில் யாரும் அதிகமாகச் சீண்டியதில்லை. சீண்டியவர்களை நான் சும்மா விட்டதும் இல்லை. என் முகத்தில் ஏதோ குறை இருக்கிறது என்பதே எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகுதான் தெரிய வந்தது.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன்தான் வீட்டுக்கு எல்லாம். ஸ்டுடியோவின் பின்கட்டிலேயே நாங்கள் குடியிருந்தோம். ஸ்டுடியோவுக்குக் கூரையில் ஒரு பக்கம் கண்ணாடி. அதற்குக் கீழே வெள்ளை மல் துணியில் திரை. மேலே அடிக்கிற வெயில் அந்தத் துணியில் பட்டுப் பரவி, காரமெல்லாம் போய்த்தான் கீழே இறங்கும். மழைநாளுக்கென்று இரண்டு பெரிய லைட் வைத்திருந்தான், அவற்றுக்கும் துணி கட்டியிருப்பான். "லைட்டு மூஞ்சிய தடவிக் குடுக்கணும், அறையக் கூடாது" என்பான். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம், முகத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. அது போதாதென்று உட்காருகிறவர்களுக்கு அப்பிக்கொள்ளப் பவுடர். அதுவும் போதாதென்று பென்சில்.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதில் நெகட்டிவ்வை வைத்து, அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து, வெளிச்சம் கீழிருந்து மேலே வரும்படி செய்திருப்பான். நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ் அல்லவா? கறுப்பு வெளுப்பாகத் தெரியும். முகத்தில் உள்ள குழி ஒவ்வொன்றும் அதில் ஒரு வெளுத்த புள்ளி. ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்பிவிட்டால், காகிதத்தில் படம் விழும்போது அங்கே குழி இருக்காது. மஞ்சக்குப்பத்து வக்கீல்கள், மாதா கோவிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகள், திருவந்திபுரம் பெருமாள் கோவிலில் தாலி கட்டிய கையோடு மாலையும் கழுத்துமாக வந்து நிற்கும் ஜோடிகள் என்று ஊரில் பாதிப் பேர் அண்ணன் பென்சிலால் அழகானவர்கள். யாரும் குறை சொன்னதில்லை. முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே படம் வந்தால்தான் சண்டைக்கு வருவார்கள்.

என்னுடைய நெகட்டிவ்வுக்கு மட்டும் அவன் நாள் கணக்கில் உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மறுபடி அந்த மேஜையில் குனிந்துவிடுவான். முதுகு வலிக்கிறது என்று அம்மாவிடம் எண்ணெய் தேய்க்கச் சொல்வான். அப்படி அவன் பாடுபட்டு உண்டாக்கிய அந்த வழவழ முகத்தைத்தான் எங்கள் கோவில் உபதேசியார் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார். பங்குச் சாமியாருக்குக் கையாக இருந்து, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஆனாலும் அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் எப்போதும் நாலைந்து பெண்களின் படமும் பையன்களின் படமும் இருக்கும். எந்த ஊரில் புது வீடு மந்திரிப்புக்குப் போனாலும் இரண்டு படத்தையாவது மாற்றிக்கொண்டுதான் திரும்புவார்.

படத்தைப் பார்த்து மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று தடவையும் ஒரே கதைதான். வரும்போது எல்லாருடைய முகத்திலும் ஒரு பிரகாசம். நான் காப்பியை எடுத்துக்கொண்டு போவேன். படத்தின் மேல் இருந்த கண்கள் என் முகத்துக்கு வரும். அவ்வளவுதான், பியூஸ் போன பல்பு மாதிரி எல்லாம் அணைந்துபோகும். பிறகு வெயிலைப் பற்றி, ரயிலைப் பற்றி, சாமியாரின் சர்க்கரை வியாதியைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். கேசரியை மட்டும் யாரும் மிச்சம் வைத்ததில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள் புதுச்சேரிக்காரர்கள். அதில் ஒரு அத்தைக்காரி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் மிக மரியாதையாகவே கேட்டாள்.

"பெரிய பொண்ணு வந்திருச்சு, சரி. ஃபோட்டோவுல இருக்கற பொண்ண கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"அது எங்க அண்ணன் வரைஞ்ச பொண்ணுங்க. கட்டிக்கணும்னா அவனத்தான் கேக்கணும்" என்றேன்.

அம்மா என் இடுப்பில் கிள்ளிய இடம் ஒரு வாரம் வலித்தது. அன்றைக்கு வாயாடிவிட்டு உள்ளே போனேனே தவிர, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என்னைப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை. பிடிக்காமல் போகட்டும், அது அவரவர் இஷ்டம். ஒவ்வொரு தடவையும் என் எதிரிலேயே ஒரு முகம் வாடுவதை நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் யார் வந்தாலும் என்னைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதற்கு வழி சிதம்பரத்தில் கிடைத்தது. அந்த வருஷம் அண்ணாமலை நகரில் எனக்கு வாத்தியார் வேலைக்கான பி.டி. படிக்க இடம் கிடைத்து ஹாஸ்டலில் போய்ச் சேர்ந்தேன். ஹாஸ்டல் விழாவுக்குப் பெண்களே நாடகம் போடுவது வழக்கம். எனக்குக் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும், உயரமும் கொஞ்சம் அதிகம். அதனால் ராஜாவைக் கவிழ்க்கச் சதி செய்யும் மந்திரி வேஷம் எனக்கு. கருப்பு மையில் முறுக்கு மீசை, ஜரிகைத் தலைப்பாகை. நாடகம் முடிந்த மறுநாள், வேஷத்தோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் மாட்டு வண்டியில் ஏறிக் கீழ வீதிக்குப் போனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த ஸ்டுடியோக்காரர் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடித்துவிட்டு ஊர் திரும்பியவர். மூலையில் கருப்பு இரும்பில் ஒரு ஸ்பாட் லைட் வைத்திருந்தார். முன்னால் தடிமனான கண்ணாடி, உள்ளே ஒரே ஒரு பல்பு. துணியும் கிடையாது, திரையும் கிடையாது. ராஜாவையும் ராணியையும் தோழிகளையும் சாதாரண லைட்டில் எடுத்தார். என் முறை வந்ததும் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அந்த இரும்பு லைட்டைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் நிறுத்தினார்.

"மந்திரி மூஞ்சிக்கு நெழல் வேணும்மா. நெழல் இல்லாட்டி சதி எங்க ஒளிஞ்சிருக்கும்?" என்றார்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு பக்கக் கன்னம் சுட்டது. கண் கூசியது. சுவரில் என் நிழல் கத்தரியால் வெட்டின மாதிரி விழுந்தது, மீசையின் முனைகூடத் தனியாகத் தெரிந்தது. எனக்கு நடு மத்தியானத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. மேகம் போட்ட நாளில் நிழலுக்கு ஓரமே இருக்காது, உச்சி வெயிலில் பாருங்கள், வேலிக்கம்பியின் முள்ளுக்குக்கூடத் தரையில் நிழல் இருக்கும். அந்த வெயிலை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து அவர் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

படங்கள் வந்தபோது ஹாஸ்டல் கட்டிலில் பரப்பிப் பார்த்தோம். ராஜா, ராணி எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, கிண்டல். என் படத்தை எடுத்த பக்கத்துக் கட்டில் பெண் மட்டும் மெதுவாக, "வேற ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லலாம்டி" என்றாள். நான் படத்தைப் பிடுங்கினேன். நெற்றியில், கன்னத்தில், மூக்கில், ஒவ்வொரு தழும்பும் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அவற்றோடு கூட என் தாடை இருந்தது, அப்பாவின் தாடை அது. இடது புருவம் கொஞ்சம் ஏறியிருந்தது, நான் யாரையாவது மட்டம் தட்டப் போகிறபோது அப்படித்தான் ஏறும் என்று அம்மா சொல்வாள். கண்ணில் ஒரு திமிர். அண்ணனின் பென்சில் தழும்புகளோடு சேர்த்து இதையெல்லாம் கூட அழித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட, இது நான்தான் என்று நினைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இருபத்து நாலு வயதில் முதல் தடவையாக நான் ஒரு ஃபோட்டோவில் விழுந்திருக்கிறேன், அதுவும் மீசையோடு.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் அதை அண்ணன் முன்னால் வைத்தேன். அவன் முகம் கறுத்தது.

"எவன் எடுத்தது இத? கண்ணுல மொளகாப் பொடியத் தூவுன மாதிரி ஒரு லைட்டு!"

"எனக்குப் புடிச்சிருக்கு. இந்த மாதிரி மீச இல்லாம ஒண்ணு நீ எடுத்துக் குடு. அதத்தான் இனிமே உபதேசியார்கிட்ட குடுக்கணும்."

"ஏ பாப்பா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இந்த லைட்டுல சம்மனசு வந்து ஒக்காந்தாக்கூட எவனும் கட்ட மாட்டான்!"

தேவதூதரை வம்புக்கு இழுத்ததற்காக அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கட்ட வாணாம். வந்து பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போடாம இருந்தாப் போதும்" என்றேன்.

அண்ணன் இறங்கி வரவில்லை. தொழில்காரனாகப் பேச ஆரம்பித்தான். "நல்லாக் கேட்டுக்க. என் லைட்டு இருக்கறத மறைக்குது, ஒத்துக்கறேன். அவன் லைட்டு இல்லாதத காட்டுது. சாய்ங்காலம் பீச்சுல பாத்திருக்கியா? வெயிலு சாஞ்சு அடிக்கும்போது கோழி நடந்த தடம்கூடப் பெரிய பள்ளமாத் தெரியும். மணலு என்னமோ ஒரே மணலுதான். அந்த மாதிரிதான் இதுவும். ஒன் மூஞ்சியில இவ்வளவு பள்ளம் கெடையாது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்போது நியாயம் கேட்கும் நிலையில் நான் இல்லை.

"நீ எடுக்காட்டி போ. இந்த மீசப் படத்தையே உபதேசியார்கிட்ட குடுத்துடறேன். மாப்பிள்ளையா வர்றதா, மந்திரிக்கு வேல கேட்டு வர்றதான்னு அவுங்களே முடிவு பண்ணிக்கட்டும்."

செய்கிறவள்தான் நான் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கே படத்தோடு கோவில் பக்கம் கிளம்பிவிட்டேன், கெடிலம் பாலம் வரை பின்னாலேயே சைக்கிளில் வந்தான். பாலத்தில் நின்று எனக்கும் அவனுக்கும் நடந்த சண்டையைத் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில், "சரி, எடுத்துத் தொலைக்கறேன். சிதம்பரத்துக்காரன் வேணாம், நானே எடுக்கறேன்" என்றான். சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஸ்பாட் லைட் ஒன்றும் அவனிடம் இல்லை. கோவிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பால் பவுடர் தகர டப்பா ஒன்றை வாங்கி வந்தான். அடியில் ஓட்டை போட்டு, உள்பக்கம் கருப்பு அடித்து, பால் வெள்ளைப் பல்பை எடுத்துவிட்டுக் கம்பி தெரியும் கண்ணாடிப் பல்பை மாட்டினான். கூரைத் திரையை முழுக்க இழுத்து, கண்ணாடிக்கு மேல் கருப்புத் துணியையும் போட்டு மூடினான். அத்தனை வருஷமாகப் பளபளவென்று இருந்த இடம் இருட்டாகிவிட்டது. நடுவில் ஸ்டூலில் நான். பவுடர் போட்டுக்கொள்ளவில்லை.

லைட்டை அவன் எங்கே வைத்தான் என்பதை இப்போதும் என்னால் காட்ட முடியும். சிதம்பரத்துக்காரர் வைத்த மாதிரி உயரத்தில் இல்லை. என் காதுக்கு நேராக, அதற்கும் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஓரத்திலும் ஓரமாக வைத்தான். வெளிச்சம் முகத்தை உரசிக்கொண்டு போயிற்று. வேண்டுமென்றேதான் செய்தான். பிரிண்டைப் பார்த்ததும் நான் பயந்து, போதும் சாமி என்று சொல்லிவிடுவேன் என்பது அவன் கணக்கு.

கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னால முடியல பாப்பா. துணிக்குள்ள ஒன்ன தலகீழாப் பாக்கறேன். எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது."

"என்னா வந்து நிக்குது?"

"எல்லாந்தான். ஒவ்வொண்ணும் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எடது கன்னத்துல காதுகிட்ட ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். புருவத்து மேல ஒண்ணு, பெருசு. நெத்தியில ஒரு வரிச. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எத்தினி தடவ மூடியிருக்கேன் ஒவ்வொண்ணையும்."

அவன் என் முகத்தை அழித்துவிட்டான் என்று நான் பல நாளாகக் கறுவிக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவன் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் யாருமில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கண்ணாடியில் நானே அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை.

"மூக்க ஒறிஞ்சிட்டு போய் எடு. கன்னம் சுடுது எனக்கு" என்றேன்.

எடுத்தான். கழுவினான். நெகட்டிவ் காய்ந்ததும் பழக்கதோஷத்தில் நேராகச் சாய்வு மேஜைக்குத்தான் கொண்டுபோனான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"நெத்தியில மட்டும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினான்.

"பென்சிலத் தொட்டா கைய ஒடிப்பேன்."

"காதுகிட்ட இருக்கற ரெண்டையாச்சும் ஒண்ணா ஆக்கிடறேன்."

"அது ரெண்டும் ரெண்டாவே இருக்கட்டும்."

சாப்பிடக்கூட எழுந்து போகாமல் காவல் இருந்தேன். அம்மா அங்கேயே சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரிண்ட் விழுந்தபோது, அவன் கணக்கு பாதி பலித்தது. நான் பயந்துதான் போனேன். சிதம்பரத்துப் படம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. இதில் என் கன்னம் கல் பொறுக்காத வயல் மாதிரி இருந்தது. அண்ணன் ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறான் என்பதற்காகவே, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, காயாத பிரிண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீம்பு என்று வந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

உபதேசியார் படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தங்கச்சிக்கு ஒடம்பு சொகமில்லியா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"சொகமாத்தான் இருக்கறா. வாயி மட்டும் ஜாஸ்தி" என்றான் அண்ணன்.

படம் அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டில் பார்த்துவிட்டு உறையில் போட்டுக் கையோடு கொடுத்துவிட்டார்களாம். சிதம்பரத்தில் ஒரு வீட்டில் அம்மைத் தழும்பு என்றதுமே படத்தை வெளியே எடுக்கவே விடவில்லையாம். உபதேசியார் ஒவ்வொன்றையும் ஒளிக்காமல் வந்து சொல்வார். நான், "பரவால்ல, ரவை மிச்சம்" என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பேன். யாரும் வாடிய முகத்தோடு போகவில்லை, சரி. யாரும் வரவே இல்லையே. நான் கேட்டது இதுதானா? பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் எனக்கே என் மேல் கோபம் வந்து, எடுத்த புத்தகத்தைப் படிக்க முடியாமல் மூடிவிடுவேன்.

நான் சொன்னேன் பார்த்தாயா என்று அண்ணன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது வேறு என்னை வதைத்தது. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவன் பாட்டுக்கு லீவுக்கு நான் வரும்போதெல்லாம் மீன் வாங்கி வந்தான். வாசல் பெட்டியிலிருந்து என் பழைய வழவழப் படத்தை மட்டும், யாரும் சொல்லாமலே, எடுத்துவிட்டிருந்தான். அந்த இடத்தில் யாருடைய குழந்தையோ தவழ்ந்துகொண்டிருந்தது.

பலாப்பழ சீசனில் உபதேசியார் ஒருநாள் வேகமாக வந்தார். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பமாம். பையன் பண்ருட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். படத்தைத் திருப்பித் தரவில்லையாம், நேரில் வருகிறோம் என்றார்களாம்.

"படத்த நல்லாப் பாத்தாங்களா?" என்று நான் கேட்டேன்.

"நல்லாப் பாத்தாங்கம்மா. வெளிச்சத்துல எடுத்துட்டுப் போயிப் பாத்தாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் யாருக்கோ கண் சரியில்லை என்று நினைத்தேன்.

அவர்கள் வரும் நாளில் அண்ணன் காலையிலிருந்து கூடத்து நாற்காலியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் நான் வந்து நிற்கும் இடத்தை அவன்தான் தேர்ந்தெடுப்பான், ஜன்னலுக்கு முதுகு காட்டி, அரை இருட்டில். இந்தத் தடவை அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு நேரே போட்டேன். அது சாதாரணக் காலை நேரம். தெருவிலிருந்து எப்போதும் வரும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

பையனும் அவருடைய அம்மாவும் மட்டும்தான் வந்தார்கள். வேறு கூட்டமில்லை. அந்தம்மா கையில் ஒரு பலாப்பழம். தோப்பில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அந்த எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பையன் உட்கார்ந்தவுடன் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் உட்காருவதாவது என்று அம்மா கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"இந்தப் படத்தப் பாத்துட்டு எங்க ஊட்டுல எல்லாரும் வாணாம்னாங்க" என்று அந்தம்மா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "எம் மவன்தான் சொன்னான். இப்படி ஒரு படத்த அனுப்பற பொண்ணு நாளைக்கு ஊட்டுல எதையும் மறைக்காதும்மான்னு. சரிதான்னு தோணுச்சு. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்னு மனச கெட்டியாக்கிக்கிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து உறையை எடுத்துப் படத்தை உருவினார். எனக்கு நன்றாகப் பழகிப்போன வேலை அது. படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

அந்தம்மா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்து, அதை வெளிச்சத்தில் சாய்த்து, புருவத்தைச் சுருக்கினார்.

"ஏம்மா," என்றார், "படத்துல இதவிட ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சே? அதெல்லாம் எங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன்தான் வெளியே வந்தான். திருட்டுப் பூனை மாதிரி நின்றான்.

"லைட்ட ஓரமா வெச்சுட்டேங்க" என்றான். "ரொம்ப ஓரமா வெச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

"நல்லா வெச்சப்பா லைட்ட! நான் என்னமோ ஏதோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல" என்று அந்தம்மா படத்தை மகன் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். "நல்லாத்தான இருக்குது பொண்ணு! நீயும் பாருடா."

பையன் எப்போதோ என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டிருந்தார். வேட்டியைத் தட்டும் கை நின்றுபோயிருந்தது. அவர் சிரித்தார். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாடவில்லை, மலர்ந்திருந்தது. படத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு முகம் மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னால் அடக்க முடியவில்லை, கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "ஐய, பொண்ணு ஏன் அழுவுது?" என்று அந்தம்மா பதறிக்கொண்டு கிட்டே வந்தார். அந்தக் கறுத்த விரல்களால் என் தாடையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, ஆற அமர இன்னொரு தடவை பார்த்தார்.